முகம் அறியாதவர்களுக்கு எழுதும் அஞ்சலட்டைகள்

உலகெங்கும் உள்ள முகம் அறியாத மனிதர்களோடு பட அஞ்சலட்டைகளைப் பரிமாறிக்கொள்வதில் எனக்கும் என் மகளுக்கும் தீராத ஈடுபாடு உண்டு. போர்ச்சுகலில் 2005-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட போஸ்ட்கிராசிங் இணையதளம்தான் இதற்கு வழி. கேட்டவுடன் ஏதோ ஒரு நாட்டில் இருப்பவரின் முகவரியும் ஓர் அடையாள எண்ணும் கிடைக்கும். அந்த எண்ணை எழுதி நாம் அனுப்பும் அட்டை கைக்குக் கிடைத்து அவர் அதை இணையதளத்தில் பதிவு செய்ததும், நமக்கு எழுதுவதற்காக நம் முகவரி வேறு யாரோ ஒருவருக்குப் போகும். நாம் யாருக்கு எழுதினோமோ அவரிடமிருந்தே பதிலை எதிர்பார்க்காத இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மாட்டுங்காவிலிருந்து ரயிலேறி, பிஜப்பூரின் கல்லறை மாளிகையான கோல் கும்பஸை நினைவூட்டும் குவிமாடத்தோடு 1913-இல் கட்டி முடிக்கப்பட்ட மும்பை ஜி.பி.ஓ. என்னும் தலைமை அஞ்சலகத்துக்கே சென்று அட்டைகளைச் சேர்க்கிறோம். மழைக்காலத்தில் மை கரைந்து எண் அழிந்துவிடக் கூடாதென்று, பால்பாயிண்ட் பேனாவால் அதை இரண்டு இடங்களில் என் மகள் எழுதுவாள். பூக்கடைத் தெருவையும் கோயில் வாசலில் விற்கும் மல்லிகையையும் பற்றி நான்கு வரி எழுதி, கீழே தமிழில் 'வணக்கம்' என்று போடாமல் அவள் எந்த அட்டையையும் அனுப்பியதில்லை.

உலகின் முதல் அஞ்சலட்டையை ஆஸ்திரிய-ஹங்கேரி அரசு வெளியிட்டது 1869 அக்டோபர் 1-ஆம் தேதி. இந்தியாவுக்கு அது 1879-இல் வந்தது. அந்த அக்டோபர் நாளே இப்போது உலக அஞ்சலட்டை தினம். மும்பைத் தமிழ் நண்பர்கள் யாரேனும் அன்று எங்களோடு எழுத விரும்பினால், அட்டைகள் எங்களிடம் நிறையவே இருக்கின்றன.