325 மி.மீ. பிளேடும் 690 மி.மீ. பிளேடும்: விலை எங்கே ஏறுகிறது?

ரிமோட்டில் பறக்கும் மாடல் ஹெலிகாப்டரில் (ஹெலி) 450 என்ற சின்ன ரகத்திலிருந்து 700 என்ற பெரிய ரகத்துக்குப் போகும்போது, மேலே சுழலும் பிளேடின் நீளம் இரண்டு மடங்குதான் ஆகிறது, விலையோ அதையெல்லாம் தாண்டிப் போகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்தால் பாதிக் காரணம் புரியும். சின்னதன் அகலம் சுமார் 32 மி.மீ.; பெரியது 60-ஐத் தாண்டும். பரப்பு நான்கு மடங்கு. தடிமனும் சேர்வதால் 36 கிராம் இருந்த பிளேடு 190 கிராம் ஆகிறது.

மீதிக் காரணம், பிளேடை ஹெலியில் மாட்டும் போல்ட் துளைக்குப் பக்கத்தில். 190 கிராம் பிளேடு 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2000 சுற்று) சுற்றும்போது, அதன் எடை மையம் அச்சிலிருந்து 38 செ.மீ.யில் இருந்தால், வெளிப்பக்க இழுவை ஏறக்குறைய 320 கிலோ. 450-இல் 2800 ஆர்பிஎம் வைத்தாலும் 60 கிலோவைத் தொடாது. அந்த 320 கிலோவும் ஒரே ஒரு 5 மி.மீ. போல்ட்டில்தான் தொங்குகிறது. அதனால்தான் அடிப்பகுதியில் கார்பன் ஃபைபர் அடுக்குகள் கூடுகின்றன. உள்ளே நீளவாக்கில் ஓடும் இழைகள் துளைவரை அறுபடாமல் வரவேண்டும். காசு போவது முக்கியமாக இங்கேதான். இதில் மிச்சம் பிடித்த பிளேடை வாங்கவே கூடாது.

பிளேடை வார்க்கும் மோல்டும் பெரிது. பிசின் இறுகும்வரை அதில் வேறு பிளேடு போட முடியாது. நீளம் கூடக் கூட, எங்காவது ஒரு காற்றுக்குமிழி சிக்கும் வாய்ப்பும் கூடும். சிக்கினால் முழுப் பிளேடும் கழிவு. தேறியவற்றிலும் எடையும் எடை மையமும் ஒத்துப்போகிறவற்றைத்தான் ஜோடியாக்க முடியும்.

ஜோடியாக வந்தாலும் மாட்டுமுன் சரிபாருங்கள். 0.1 கிராம் காட்டும் தராசு போதும். முதலில் ஒவ்வொரு பிளேடையும் மெல்லிய விளிம்பில் நிறுத்தி எடை மையத்தைக் குறியுங்கள். எதன் மையம் அடிப்பக்கம் தள்ளியிருக்கிறதோ, அதன் நுனியில் டேப் ஒட்டி இரண்டையும் ஒரே தூரத்துக்குக் கொண்டுவரவேண்டும். பிறகுதான் எடை: இலேசானதில் டேப்பைச் சரியாக எடை மையத்தின் மேலேயே சுற்றவேண்டும், இல்லாவிட்டால் மையம் மறுபடி நகர்ந்துவிடும். வரிசையை மாற்றினால் சுற்றிச் சுற்றி அதே வேலைதான். நுனியில் 1 கிராம் வித்தியாசம் 2000 ஆர்பிஎம்மில் சுமார் 3.5 கிலோ இழுவையாகி, நொடிக்கு 33 முறை ஹெலியை உலுக்கும். வால் ஆடும், ஹெலியை நிலையாக வைக்கும் சென்சாரான கைரோ குழம்பும்.

கீழே விழுந்த பெரிய பிளேடை, வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், மறுபடி மாட்டாதீர்கள். விரிசல் துளையைச் சுற்றி உள்ளே இருந்தால் கண்ணுக்குப் படாது.