பெரியப்பாவின் மொரிஸ் மைனரும் ஒரு சில்வர் உருண்டையும்

பெரியப்பா படத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "வடிவா இருக்கு மகள். ஆனா கார் மண்ணில நிக்குதில்ல."

மூன்று கிழமை இரவிரவாக இருந்து பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்த கார் அது. 1990 இல் எல்லாரும் இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்து பார்த்தபோது மட்டக்களப்பு, கல்லடி உப்போடை வீட்டு வாசலில் இல்லாமற் போயிருந்த மொரிஸ் மைனர். பெரியப்பா அதை ஹயருக்கு ஓட்டியவர். கல்முனைக்குக் கலியாண வீட்டுக்காரரையும், ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாச்சிகளையும் ஏற்றிப்போன வண்டி. மிச்சமாக இருப்பது ஒரேயொரு கறுப்பு வெள்ளைப் படம். அதிலும் அம்மா முன்சில்லுக்குப் பக்கத்தில் நிற்பதால் பொனட்டில் பாதிதான் தெரிகிறது. நிறத்தைப் பெரியப்பாதான் சொன்னார், பாசிப்பயறு நிறமாம். அந்த மொடல் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்டது என்பதால் அளவுகளும் பழைய படங்களும் தேடினால் கிடைக்கின்றன. ஆகவே காரின் உருவத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. வீட்டு வாசலைப் படமெடுத்து, அதே இடத்தில் காரை வைத்துக் கொடுப்பதுதான் எண்ணம்.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் தெரிந்தது. கார் மண்ணுக்கு மேலே ஒரு விரற்கடை மிதக்கிற மாதிரி, கத்தரித்து ஒட்டின மாதிரி இருந்தது.

காரணம் காரில் இல்லை, வெளிச்சத்தில்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு சுற்றுச்சூழல் படத்தை, அதாவது ஓர் இடத்தின் முழுச் சுற்றையும் வெளிச்சத்தோடு பிடித்த படத்தை, இறக்கி அதைக்கொண்டு ஒளியூட்டியிருந்தேன். ஐரோப்பாவில் எங்கோ ஒரு வாகனத் தரிப்பிடம், குளிர்காலம். பொனட்டை உற்றுப் பார்த்தால் இலையில்லாத மரங்களும் மங்கல் வானமும் தெரிந்தன. டிசம்பர் நடுப்பகலில் லண்டனில் சூரியன் 15 பாகை உயரத்தில்தான் நிற்கும். இங்கே அதே நாளில் கிட்டத்தட்ட 59 பாகை. நிழலின் திசையைத் திருப்பலாம், நிறத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அதெல்லாம் செய்தும் காரின் அடிப்பாகம் செத்த சாம்பலாகவே கிடந்தது. எங்கள் மணலில் வெயில் விழுந்தால் அது கீழேயிருந்து மேலே தெறித்து, வண்டியின் வயிறு வரைக்கும் ஒரு மஞ்சள் வெளிச்சம் ஏறும். பெரியப்பாவின் கண் தேடியது அதைத்தான். வேறொரு ஊரின் வெளிச்சத்தில் குளித்த கார் கல்லடி மண்ணில் எப்படி நிற்கும்?

அந்த இடத்தின் வெளிச்சத்தை அந்த இடத்திலேயே போய் எடுக்க வேண்டும். அதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது: கண்ணாடி மாதிரி மினுங்கும் ஓர் உருண்டை.

பொருளின் மேல் சுற்றுப்புறத்தைப் பிரதிபலிக்க வைக்கும் கணக்கை பிளின், நியூவெல் என்ற இரு கணினி வரைகலை ஆய்வாளர்கள் 1976 இலேயே எழுதிவிட்டார்கள். 1980களில் மில்லரும் ஹொஃப்மனும் உண்மையான உருண்டையைப் படமெடுத்து அதைச் செய்தார்கள். ஆனால் உருண்டையில் தெரிவதை வெறும் பிம்பமாக அல்லாமல் அளந்தெடுத்த ஒளியாகவே பயன்படுத்தி, கணினிப் பொருளை நிஜக் காட்சிக்குள் நிழலோடு உட்கார வைக்கும் முறையை முழுமையாகக் காட்டியவர் போல் டெபெவெக். அது 1998 இல். இன்று ஒரே அமுக்கில் முழுச் சுற்றையும் எடுக்கும் கமராக்கள் இருக்கின்றன. என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது கலியாண வீடுகளுக்குக் கொண்டுபோகும் கமராவும் ஒரு 200 மில்லிமீட்டர் லென்சும்.

உருண்டை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கிடைத்தது. கேற் தூணுக்கும் மாடிப்படிக் கைப்பிடிக்கும் மேலே வைக்கிறார்களே, அந்த சில்வர் உருண்டை. நாலு அங்குலம். "ஒண்டு மட்டுமா? கேற்றுக்கு ரெண்டு வேணுமே" என்றார் கடைக்கார அண்ணா. இருந்த பதினைந்து உருண்டைகளையும் வெளியே வெயிலுக்குக் கொண்டுபோய் உருட்டி உருட்டிப் பார்த்தேன். இரண்டு பாதிகளை ஒட்டிய தையல் தெரியாததும், நெளிவு இல்லாததும் ஒன்றே ஒன்று. பிராசோ போட்டுப் பழைய பருத்திச் சேலைத் துண்டால் ஒருமணி நேரம் தேய்த்ததில் மெல்லிய கீறல்களும் போய்விட்டன.

இந்த உருண்டையின் வித்தையை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை. தூரத்தில் நின்று படமெடுத்தால் அது ஒரு வட்டம். வட்டத்தின் நடுவில் நாமும் கமராவும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் போகப் போகப் பக்கத்தில் இருப்பவை வரும். ஆரையின் பத்தில் ஏழு பங்குத் தூரத்தில், எங்களுக்கு நேர் இடதும் வலதும், நேர் மேலும் கீழும் இருப்பவை தெரியும். அதற்கும் வெளியே மிஞ்சியிருக்கும் வளையத்துக்குள், உருண்டைக்குப் பின்னால் இருக்கும் பாதி உலகம் முழுவதும் சுருண்டு கிடக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் உள்வட்டத்தின் பரப்பும் வெளிவளையத்தின் பரப்பும் சமம். முன்பாதிக்கு ஒரு பாதி, பின்பாதிக்கு ஒரு பாதி. உருண்டை தனக்கு நேர் பின்னால் மறைத்திருக்கும் சின்னத் துண்டைத் தவிர எதையும் அது விட்டுவிடுவதில்லை.

ஜூலை மாதம் என்பதால் கச்சான் காற்று. பத்து மணிக்கு மேல் தென்னோலை ஒரு நிமிடம் சும்மா இராது. ஒரே காட்சியைப் பலமுறை எடுத்து ஒன்றாக்கப் போகிறோம். ஒவ்வொரு படத்திலும் ஓலை வெவ்வேறு இடத்தில் நின்றால் சேர்த்த பிறகு பேய் மாதிரி இரட்டை இரட்டையாகத் தெரியும். அதனால் காலை எட்டேகாலுக்கே தொடங்கினோம். ஒரு பிவிசி குழாயை மண் நிரப்பிய வாளியில் ஊன்றி, கார் நின்ற அதே இடத்தில், பொனட்டின் உயரத்தில் உருண்டையை வைத்தேன். இடத்தைக் காட்டியவர் பெரியப்பா. செருப்புக் காலால் மண்ணில் நாலு சில்லுக்கும் நாலு அடையாளம் போட்டார். ஒருதரம்கூடத் தயங்கவில்லை.

கமராவின் அபர்ச்சரை, வெளிச்சம் நுழையும் துளையை, 8 இல் பூட்டிவிட்டு ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் மாற்றினேன்: நாலாயிரத்தில் ஒரு வினாடி, ஆயிரத்தில் ஒன்று, 250 இல் ஒன்று, 60 இல் ஒன்று, 15 இல் ஒன்று, நாலில் ஒன்று. ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் ஏறக்குறைய நாலு மடங்கு வெளிச்சம். ஏன் இத்தனை என்றால், சாதாரணப் படமொன்றில் மிக வெள்ளையான இடத்துக்கு 255 என்ற எண்தான். வெயில் பட்ட சுண்ணாம்புச் சுவருக்கும் 255, சூரியனுக்கும் 255. இரண்டையும் ஒன்றாகக் கருதும் கணினியால் எந்த நிழலையும் ஒழுங்காகப் போட முடியாது. ஆறு படங்களையும் சேர்த்தால்தான் சுவர் எவ்வளவு, வானம் எவ்வளவு, மரத்தடி எவ்வளவு என்ற உண்மையான விகிதம் வரும். பிறகு முக்காலியைத் தூக்கிக்கொண்டு 90 பாகை நகர்ந்து நின்று மறுபடியும் ஆறு. முதற்தொகுதியில் என் உருவம் மறைத்த இடத்தை இரண்டாவதிலிருந்து எடுத்துப் பூசலாம்.

ஆனால் சூரியன் அடங்கவில்லை. நாலாயிரத்தில் ஒரு வினாடியிலும் அது வெள்ளைப் பொட்டாகத்தான் இருந்தது. நீல வானத்தைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல் பிரகாசம் அதற்கு. அப்படியே ரெண்டர் செய்தபோது, அதாவது கணினியைக் கொண்டு காரை முழுப் படமாக்கியபோது, வெளிச்சம் எங்கள் ஊருடையதுதான், ஆனால் நிழல் மழை மூட்டத்துக்குள் விழுந்த மாதிரி மெலிந்து போனது. இதில் இரண்டு இரவு போனது. கடைசியில் செய்தது இதுதான். சேர்த்த படத்திலிருந்து சூரியனை அழித்துவிட்டு, அதே திசையில் பிளெண்டரின் சூரிய விளக்கை வைத்தேன். அதன் அகலம் அரைப் பாகைக்குச் சற்று மேல், வானத்துச் சூரியனின் அகலம் அதுதான். எவ்வளவு பலம் கொடுப்பது என்று ஊகிக்கத் தேவையிருக்கவில்லை. மினுக்கமில்லாத சாம்பல் பெயின்ற் அடித்த ஒரு பிங்பொங் பந்தையும் அன்று அதே இடத்தில் வைத்து எடுத்திருந்தேன். அதே அளவில், அதே சாம்பலில் கணினியில் ஒரு பந்து செய்து பக்கத்தில் வைத்து, இரண்டின் வெயில் பக்கமும் நிழல் பக்கமும் ஒத்துவரும் வரை கூட்டினேன். இந்தத் தொழிலில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வேன், மினுங்கும் உருண்டையை விட்டாலும் அந்தச் சாம்பல் பந்தை விடாதீர்கள். அது பொய் சொல்லாது.

உருண்டைப் படத்தை விரித்துத் தட்டையாக்கத் தேவையில்லை என்பதையும் சொல்லவேண்டும். பிளெண்டரில் சுற்றுச்சூழல் படத்தைக் கொடுக்கும் இடத்திலேயே கண்ணாடி உருண்டை என்று ஒரு தெரிவு இருக்கிறது. விளிம்போடு ஒட்டக் கத்தரித்துக் கொடுத்தால் போதும். நான் இரண்டு தொகுதிகளைச் சேர்க்கவேண்டியிருந்ததால் விரித்தேன்.

சேர்க்கும்போதுதான் அவரைக் கவனித்தேன். உருண்டையின் நடுவுக்குச் சற்று வலப்பக்கம், கறுப்புக் குடையோடு பெரியப்பா. எனக்கு நிழல் பிடிக்க வந்து பக்கத்தில் நின்றவர். என்னை அழித்தேன், முக்காலியை அழித்தேன், வாளியை அழித்தேன். அவரைத் தொடவில்லை.

நேற்றுப் படத்தை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாசிப்பயறு நிறப் பொனட்டில் தென்னோலை வளைந்து கிடந்தது. மட்கார்டின் அடியில் மணலின் மஞ்சள் ஏறியிருந்தது. நிழல் சில்லைக் கவ்விப் பிடித்திருந்தது. முன் பம்பரின் குரோமில், அரிசியளவில், குடையோடு ஒருவர்.

"இது ஆரு?"

"நீங்கதான் பெரியப்பா."

விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தார். "இப்ப நிக்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணாடியைக் கழற்றாமலே, "முன்பக்கத்து இடது டயர்ல இவ்வளவு காத்து ஒருநாளும் இருந்ததில்ல. அதுல மெல்லமாப் போய்க்கொண்டே இருக்கும்" என்றார்.

இன்றிரவு அந்த டயரை ஓர் அங்குலம் இறக்கி, அடியில் மண்ணைக் கொஞ்சம் பிதுங்க வைக்கப் போகிறேன்.