வால்வை வெட்டிய வண்டி

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த பட்டறையில் ஸ்பேனர் மாட்டும் பலகைக்குக் கீழே ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அது நிறைய கழற்றிப் போட்ட தெர்மோஸ்டாட்கள், அதாவது எஞ்சின் சூட்டைப் பார்த்துத் தண்ணீரைத் திறந்து மூடும் சாமான். அம்பாசிடர், பத்மினி, மாருதி 800 என்று எல்லா ரகமும் கிடக்கும். பாதிக்கு மேல் கெட்டுப்போகாத சாமான். “இந்த ஊர் வெயிலுக்கு இது எதுக்கு கண்ணு? எடுத்துப் போட்டா தண்ணி தடையில்லாம ஓடும்” என்பார் முதலாளி அண்ணன்.

மேட்டுப்பாளையத்தில் அந்தப் பேச்சை யாரும் மறுக்க மாட்டார்கள். கல்லாறு தாண்டினால் குன்னூர் மலைப்பாதை. சீசனில் ஆளும் மூட்டையுமாக, ஏசியும் போட்டுக்கொண்டு ஏறும் வண்டிகள் பர்லியார் பக்கம் ஆவி விட்டு நிற்கும். கயிறு கட்டி இழுத்து வந்ததும் தெர்மோஸ்டாட்டை எடுப்பதுதான் எங்கள் முதல் வைத்தியம். முழுதாக எடுத்தால் அது உட்காரும் கூடான ஹவுசிங்கில் ஒழுகும் என்கிற வண்டிகளில், நடுவில் இருக்கும் வால்வை மட்டும் வெட்டிவிட்டு வெளி வளையத்தை ரப்பரோடு திரும்ப மாட்டுவோம். பார்ப்பவருக்குச் சாமான் உள்ளேயே இருப்பது போலத் தெரியும்.

தெர்மோஸ்டாட்டின் வயிற்றில் இருப்பது வெறும் மெழுகு. எஞ்சின் ஆறியிருக்கும்போது வால்வு மூடிக்கொண்டு, கூலண்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை, அதை ஆறவைக்கும் ரேடியேட்டர் பக்கம் விடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றவிடும். மெழுகு உருகி விரிந்தால் வால்வு திறக்கும். பல வண்டிகளில் 82 டிகிரி, சிலவற்றில் 88, விளிம்பிலேயே அடித்திருக்கும். எஞ்சினுக்குச் சூடு ஆகாது என்று நாங்கள் நினைத்தோம். அதற்குக் குளிரும் ஆகாது என்று எனக்குப் புரிய ஏழெட்டு வருடமாயிற்று.

கோத்தகிரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார். சின்ன பெட்ரோல் கார். மைலேஜ் பதினாறிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது என்றார். பிளக் மாற்றினேன், இன்ஜெக்டர் கழுவினேன், ஏர் ஃபில்டர் புதுசு போட்டேன். மாதம் கழித்து அதே கணக்கோடு வந்தார். போகிறபோக்கில், “காலையில ஹீட்டர் போட்டா ஐஸ் காத்துதான் தம்பி வருது” என்றார். நான் அதைத் தனிக் கம்ப்ளைன்ட்டாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன்.

மூன்றாம் தடவை அவர் வந்து நிறுத்தியபோது தற்செயலாக டாஷ்போர்டைப் பார்த்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, நீல விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அந்த வண்டியில் சூடு காட்டும் முள் கிடையாது. ஆறியிருந்தால் நீலம், கொதித்தால் சிவப்பு, அவ்வளவுதான். முப்பது சொச்சம் கிலோமீட்டர் ஓடி வந்த வண்டிக்கு நீலம் எதற்கு? மலை இறக்கத்தில் கியரில் விட்டு ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் வந்தால் எஞ்சினில் பெட்ரோல் எரிவதே இல்லை. கூலண்டோ ரேடியேட்டரில் சுற்றிச் சுற்றி ஆறிக்கொண்டே வந்திருக்கிறது. ஹீட்டருக்குச் சூடு தருவதும் அதே கூலண்ட்தான். மற்ற நேரமெல்லாம், எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றிக்கொண்டிருக்கிறது. ஆயில் மூடியைத் திறந்தால் உட்பக்கம் மோர் மாதிரி வெள்ளைப் படலம். எஞ்சின் சரியாகச் சூடேறினால் ஆவியாகிப் போகிற ஈரம் அது.

ஹவுசிங்கைக் கழற்றினேன். வளையம் இருந்தது, நடுவில் ஓட்டை. வெட்டிய இடத்தை அரம் வைத்து மழுக்கியிருந்தது. ரப்பர் கிழியாமல் இருக்க அப்படி மழுக்குவது என் பழக்கம். முந்தைய வருடம் ஏதோ சூடு கம்ப்ளைன்ட்டுக்கு வந்த வண்டி, நான்தான் செய்திருக்கிறேன். சாரிடம் சொன்னேன். அவர் வளையத்தை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்து, அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கூலியும் நான் வாங்கவில்லை.

அன்றிலிருந்து மாட்டும் முன் ஒரு சோதனை செய்வேன். வால்வு இடுக்கில் நூலை நுழைத்துச் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரும் வைத்து அடுப்பை மூட்ட வேண்டும். வால்வு வாய் திறந்ததும் நூல் நழுவி சாமான் சட்டிக்குள் விழும். விழுகிற நேரம் தெர்மாமீட்டரைப் பார்த்தால் போதும். கடையில் வாங்கிய புதுசே 82-க்கு அசையாமல் 90-க்கு மேல் விழுந்ததும் உண்டு.

எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றணும் என்று கேட்பார்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு அப்படிக் கணக்கு ஏதும் கிடையாது. வாட்டர் பம்ப் வேலைக்குப் பிரித்தால் கையோடு மாற்றிவிடுங்கள். சின்ன வண்டிக்குச் சில நூறு ரூபாய், கூலி எப்படியும் ஒன்றுதான். வெளியே வரும் கூலண்ட் டீ நிறத்தில் துருவாக வந்தாலும் மாற்றலாம். பதினைந்து நிமிடம் ஓடியும் முள் ஏறவில்லை, ஹைவேயில் இறங்கி டிராஃபிக்கில் ஏறுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், திறந்தபடி நின்றுவிட்டது. மூடியபடி நின்றால் தெரியாமல் போகாது: ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று கொதிக்கும், இன்னொன்று சில்லென்று கிடக்கும். அதற்கு மேல் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும்.

ஒரு தடவை நன்றாகக் கொதித்த வண்டியில் பழைய தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டவே கூடாது. அளவுக்கு மீறி வெந்த மெழுகை நம்ப முடியாது. மாட்டும்போது விளிம்பில் லொடலொடவென்று ஆடும் குட்டி ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும். காற்று வெளியேறும் வழி அது; கீழே போனால் காற்று அடைத்து, புதுசு போட்டும் கொதிக்கிறது என்று பழி வரும்.

முதலாளி அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் மசிந்தது வேறொரு வண்டியில். அதில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். சாமானையே எடுத்துவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும். கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் கொதிக்கக் கொதிக்க எஞ்சினுக்கே திரும்பும். சூடு குறையட்டும் என்று எடுத்த வண்டி, மறுநாளே மலையேறும்போது கொதித்து நின்றது. அண்ணன் டின்னை எடுத்துப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார்.

சார் அடுத்து வந்தது மே மாதம், நடு மத்தியானம். வண்டியை நிறுத்தி, “உள்ள வந்து உக்காரு தம்பி” என்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹீட்டரை முழுசாகத் திருப்பினார். வியர்த்துக்கொட்டியது. “இப்ப எப்படி?” என்றார்.