பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டம்: மேட்டிலிருந்து இறங்கிப் பாருங்கள்

பாரிஸின் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே வழி தவறுகிறவர்கள் நிறைய. அதற்குக் காரணம் இடத்தின் அமைப்புதான். மேற்கே சரிவில் இருப்பது பழைய பகுதி, அங்கே பாதைகள் வளைந்து வளைந்து மேடேறும். கிழக்கே உச்சியில் சமதளம், அங்கே சாலைகள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும். இந்த இரண்டும் எப்படி ஒன்று சேர்ந்தன என்று தெரிந்துவிட்டால் 44 ஹெக்டேரும் பிடிபட்டுவிடும்.

நகரின் நடுவே இருந்த இன்னொசான் இடுகாடு பல நூற்றாண்டுப் பிணங்களால் நிரம்பிக் கிடந்தது. 1780இல் அந்தப் பாரம் தாங்காமல் பக்கத்து வீட்டு நிலவறைச் சுவர் இடிந்தது. அதோடு இடுகாட்டை மூடினார்கள். எலும்புகள் நகரின் அடியிலிருந்த பழைய கல்குவாரிச் சுரங்கங்களுக்குப் போயின. பிறகு ஊருக்கு வெளியே இடம் தேடியபோது, ப்ரிஃபெக்ட் (பாரிஸ் பகுதியின் அரசு ஆட்சியர்) நிக்கோலா ஃப்ரோஷோ கிழக்கே 17 ஹெக்டேர் மேட்டு நிலத்தை நகரத்துக்காக வாங்கினார். முன்பு அது இயேசு சபையினரின் ஓய்விடம். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியிடம் பாவசங்கீர்த்தனம் கேட்ட லா ஷேஸ் பாதிரியாரின் பெயரே இடத்துக்கும் நிலைத்தது.

பாரிஸ் பங்குச் சந்தைக் கட்டடத்தை வடிவமைத்த கட்டடக்கலைஞர் ப்ரோன்யார்தான் இதற்கும் திட்டம் போட்டவர். பிரதான வாசலிலிருந்து மேட்டை நோக்கி ஒரு நேர் அச்சு, மற்றதெல்லாம் ஆங்கிலேயத் தோட்டப் பாணியில் வளைபாதைகள். இயேசு சபையினரின் வீடு நின்ற இடத்தில் இன்று சிற்றாலயம் இருக்கிறது. கீழிருந்து பார்த்தால் கண் நேராக அங்கேதான் போகும்.

1804 மே 21இல் தோட்டம் திறந்தது. அடுத்த மாதம் 12ஆம் தேதி நெப்போலியன் ஆட்சி வெளியிட்ட ஆணை பிரான்சின் எல்லா இடுகாடுகளுக்கும் அளவு வகுத்தது. ஆளுக்கு ஒரு தனிக்குழி, ஆழம் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர், அகலம் 80 சென்டிமீட்டர். பக்கவாட்டில் 30 முதல் 40 சென்டிமீட்டர் இடைவெளி. ஐந்து ஆண்டு முடியாமல் அதே குழியைத் திறக்கக் கூடாது. சுற்றுச்சுவர் குறைந்தது இரண்டு மீட்டர் உயரம். முடிந்தவரை வடக்கு நோக்கிய மேட்டு நிலமாக இருக்கவேண்டும், மரமும் நடவேண்டும். ஆனால் காற்றோட்டம் தடைபடாமல் நடவேண்டும் என்பதையும் ஆணையிலேயே எழுதினார்கள். அழுகல் நாற்றத்தால் நோய் பரவும் என்று நம்பிய காலம் அது.

ஊர் கோடியில், மேட்டின் மேல் இருந்த இடத்தை முதலில் யாரும் விரும்பவில்லை. முதல் ஆண்டில் 13 பேரைத்தான் அடக்கம் செய்தார்கள். 1817இல் நிர்வாகம் நாடகாசிரியர் மொலியேர், நீதிக்கதைக் கவிஞர் லா ஃபோந்தேன், இடைக்காலக் காதலர்கள் அபெலார், எலோயீஸ் ஆகியோருடையவை என்று சொல்லப்பட்ட எச்சங்களைக் கொண்டுவந்து வைத்தது. அவை உண்மையிலேயே அவர்களுடையவையா என்ற ஐயம் இன்றும் உண்டு. ஆனாலும் காரியம் பலித்தது. 1830க்குள் 33,000 கல்லறைகள். 1824 முதல் 1850 வரை ஐந்து முறை நிலம் சேர்த்தார்கள். கிழக்கே இருக்கும் நேர்கோட்டுப் பகுதி இந்த விரிவாக்கத்தில் வந்ததுதான். டிரான்ஸ்வெர்சால் (குறுக்குச் சாலை) என்ற பெயரில் எண்ணிட்ட அவென்யூக்களில் கால் வைத்ததும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அந்த 1804ஆம் ஆண்டு ஆணை மதத்துக்கு ஒரு பகுதி பிரிக்கச் சொன்னது. தோட்டத்தின் எண்ணிட்ட பிரிவுகளில், 7ஆம் பிரிவில் யூதர்களுக்கு 1810 முதல் தனி இடம், 85ஆம் பிரிவில் முஸ்லிம்களுக்கு 1857 முதல். ஆங்கிலேயர் பறித்த அவத் ராஜ்யத்துக்காக லண்டன் வரை போய் முறையிட்ட மலிகா கிஷ்வர், அவத்தின் கடைசி நவாப் வாஜித் அலி ஷாவின் தாய், 1858 ஜனவரியில் பாரிஸில் இறந்து அந்த 85ஆம் பிரிவில்தான் அடக்கமானார். இசைமேதை ஷோபானைத் தேடிப் போகும் இந்தியர்கள் இவரை விட்டுவிட்டு வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மதப் பிரிவுகளை 1881ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது.

இங்கே நிலம் 10, 30, 50 ஆண்டுகளுக்கோ நிரந்தரமாகவோ கிடைக்கும். நிரந்தரம் என்பதும் பராமரிப்பைப் பொறுத்ததே. உரிமை பெற்று 30 ஆண்டு கடந்து, கடைசி அடக்கம் நடந்து 10 ஆண்டும் ஆகி, கல்லறை பாழடைந்து கிடந்தால் நிர்வாகம் அதை முறைப்படி பதிவு செய்து அறிவிப்பு வைக்கும். குறித்த கெடுவுக்குள் குடும்பத்தார் யாரும் வந்து சீர்செய்யாவிட்டால் இடம் மீட்கப்படும். எலும்புகள், சிற்பி பார்த்தலோமே செதுக்கிய 1899ஆம் ஆண்டு நினைவுச் சின்னத்தின் பின்னுள்ள எலும்பகத்துக்குப் போகும். சிறு கோயில் போன்ற கல்லறைகள் கெடுவது பெரும்பாலும் கூரையில் தொடங்கும். கல் இணைப்பில் நீர் இறங்கும், உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடித்துப் பருக்கும், கல் வெடிக்கும். மர வேர் அடித்தளத்தைச் சாய்த்தால் நிலைமை இன்னும் மோசம்.

89ஆம் பிரிவில் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் கல்லறைக்குக் கேடு வேறு வழியில் வந்தது. சிற்பி எப்ஸ்டைன் செதுக்கிய சுண்ணக்கல்லில் ரசிகர்கள் உதட்டுச்சாய முத்தம் பதித்தார்கள். சாயத்தின் கொழுப்பு கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். தேய்த்துக் கழுவினால் மேற்பரப்பும் சேர்ந்து போகும், அடுத்த கறை இன்னும் ஆழமாக இறங்கும். அதனால்தான் 2011இல் சுற்றிலும் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள்.

போகிறவர்கள் கம்பெத்தா மெட்ரோவில் இறங்கி மேல் வாசலில் நுழையுங்கள். அடைப்புக்குறியில் பிரிவு எண்: வைல்ட் (89), தகனக்கூடம் (87), மலிகா கிஷ்வர் (85), பிறகு 1871 மே 28இல் பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி அரசின் வீரர்கள் 147 பேரைச் சுட்டுக் கொன்ற சுவர் (76). எதிரே 97இல் நாஜி முகாம்களில் மாண்டோரின் நினைவுச் சின்னங்கள் நிற்கின்றன, அவற்றுக்கு நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து கீழிறங்கி நாவலாசிரியர் பல்ஸாக் (48), மொலியேர் (25), ஷோபான் (11), ராக் பாடகர் ஜிம் மாரிசன் (6), அபெலார்–எலோயீஸ் (7) பார்த்துப் பிரதான வாசலுக்கு வந்தால் பிலிப் ஓகுஸ்த் மெட்ரோ பக்கம்தான். பிரிவு எண்கள் மொத்தம் 97, பாதை மூலைகளில் எழுதியிருக்கும். கைபேசியில் தேடுவதைவிட அந்த எண்ணைப் பிடித்துப் போவதே நிச்சயம். நுழைவு இலவசம். சரிவுப் பாதைகள் உருளைக்கல் பாவியவை, மழையில் வழுக்கும், அடிப்பகுதி பிடிப்பான செருப்பு அவசியம்.