ஸ்டியரிங் நடுக்கமும் ஹப்பில் படிந்த துருவும்: வீட்டு வாசலில் முன் டிஸ்க் மாற்றினேன்

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் நடுங்குகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது முன் டிஸ்க்கை, அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டை. என் பழைய ஸ்விஃப்டில் வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இது நன்றாகவே தெரிந்தது. ஒரு டன் எடையுள்ள கார் 100 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 10 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். இரண்டாம் கியரில் இறங்கினால் ஒரு பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். மீதியில் பெரும்பகுதி முன் டிஸ்க் தலையில்தான்.

"டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கழற்றி, தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டர் வைத்துச் சுற்றிலும் அளந்தேன். கண்ணுக்கு வளைவு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. தடிமன்தான் இடத்துக்கு இடம் மாறியது. அதிகத்துக்கும் குறைவுக்கும் 0.03 மி.மீ. வித்தியாசம். கேட்டால் ஒன்றுமில்லாதது போலத் தோன்றும், ஆனால் பெடலில் உதறலாகத் தெரிய அதுவே போதும். தடித்த இடம் டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் பேடுகளுக்குள் நுழையும்போது அவற்றை அழுத்தும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும், மெலிந்த இடம் வந்தால் விடும். சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் இதைச் செய்கிறது.

லேத்தில் கடைந்து சமப்படுத்தலாமா என்று கேட்க, பட்டறை வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் எடுத்துப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடைஞ்சு குடுத்தர்லாமுங்க. ஆனா இது உக்கார்ற எடத்தைப் பாத்தீங்ளா?" என்றார். இந்த வேலையில் நான் கற்றதெல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் வந்தது.

டிஸ்க்கின் விளிம்பில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். என்னுடையது அதை நெருங்கியிருந்தது. கடைந்தால் அதற்கும் கீழே போய்விடும். ஆகவே இரண்டு பக்கமும் புது டிஸ்க், கூடவே புது பேட். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம்.

கழற்றும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின் சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டைத் தளர்த்துவது, ஜாக்கில் ஏற்றியதும் ஸ்டாண்டு. ஜாக்கை மட்டும் நம்பி யாரும் கை வைக்காதீர்கள். பேடுகளையும் பிஸ்டனையும் தாங்கும் காலிப்பரைக் கழற்றியதும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கம்பி போட்டுத் தொங்கவிட்டேன். பிரேக் ஆயில் வரும் ஹோஸில் அதன் எடை விழக்கூடாது. துரு பிடித்த டிஸ்க்கைச் சுத்தியலால் அடித்துப் போராட வேண்டியதில்லை: அதன் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன, 8 எம்எம் போல்ட் இரண்டை மாற்றி மாற்றி முறுக்கினால் தானே எழும்பி வந்துவிடும்.

எழும்பி வந்ததும் தெரிந்தது, டிஸ்க் உட்காரும் ஹப்பின் லட்சணம். வீல் நட் ஏறும் ஸ்டட்டைச் சுற்றிப் பொருக்குப் பொருக்காகத் துரு. புது டிஸ்க்கை இதன் மேல் மாட்டினால் என்ன ஆகும்? ஹப் முகத்தில் ஒரு தாள் தடிமனுக்குத் துரு இருந்தாலும் டிஸ்க் சாய்ந்து உட்காரும். விளிம்பில் அந்தச் சாய்வு இன்னும் பெருகும். சுற்றும்போது இப்படியும் அப்படியும் ஆடும். பிரேக் பிடிக்காமல் ஓட்டும்போதும் ஒரே இடம் பேடில் உரசிக்கொண்டே இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மெலிந்து, மறுபடி அதே நடுக்கம். டிஸ்க் மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

அதனால் அதிக நேரம் செலவழித்தது ஹப்பில்தான். வயர் பிரஷ், பிறகு எமரி பேப்பர், ஸ்டட்டின் அடிப்பகுதிக்குச் சின்னத் துண்டாக மடித்து. நகம் வைத்து இழுத்தால் எங்கும் தட்டக்கூடாது. தூசியை ஊதவோ காற்றடிக்கவோ இல்லை. பிரேக் கிளீனர் அடித்து ஈரமாகத்தான் துடைத்தேன். பிரேக் தூசி நெஞ்சுக்குள் போக வேண்டிய பொருள் அல்ல.

புது டிஸ்க்கில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வரும், அதையும் முழுக்கக் கழுவ வேண்டும். மாட்டியதும் வீல் நட்டுகளை வாஷரோடு போட்டு டிஸ்க்கை இறுக்கி, அண்ணனிடம் இரவல் வாங்கிய, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை நிறுத்திச் சுற்றினேன். வலது பக்கம் 0.03 மி.மீ. ஆட்டம். இடது பக்கம் 0.08. பல தயாரிப்பாளர்கள் 0.05 முதல் 0.1 வரை அனுமதிக்கிறார்கள், ஆனாலும் மனம் ஒப்பவில்லை. டிஸ்க்கை ஒரு ஸ்டட் தள்ளி மாட்டினேன்: 0.04. ஹப்பில் இருக்கும் சிறு சாய்வும் டிஸ்க்கில் இருக்கும் சிறு சாய்வும் எதிரெதிராக விழுந்தால் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். செலவே இல்லாத சரிசெய்தல் இது.

இடது காலிப்பரில், அது நகர உதவும் ஒரு ஸ்லைடு பின் வறண்டு இறுகியிருந்தது. உள் பேட் வெளிப் பேடை விட அதிகம் தேய்ந்ததன் காரணம் அதுவே. துடைத்து, ரப்பரைக் கெடுக்காத சிலிக்கோன் கிரீஸ் வைத்தேன். பிஸ்டனை ஜி-கிளாம்ப்பால் மெதுவாக உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டப்பாவில் ஒரு கண் இருக்கட்டும். நிரம்பி வழிந்தால் பெயின்ட்டை அரித்துவிடும். போல்ட்டுகளும் வீல் நட்டுகளும் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில். ஏறி நின்று மிதித்து இறுக்கும் பழக்கமும் டிஸ்க்கைக் கோணலாக உட்கார வைக்கும்.

வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. பிறகு ஊருக்கு வெளியே காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை, முழுதாக நிறுத்தாமல், இடைவெளி விட்டுப் பலமுறை பிரேக் பிடித்தேன். பேடின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படிய இதுதான் வழி. சூடாக இருக்கும்போது பெடலை அழுத்தியபடி நிறுத்திவைத்தால் பேட் நின்ற இடத்தில் மட்டும் திட்டாக ஒட்டும்.

இப்போது 80-ல் அழுத்திப் பிடித்தாலும் ஸ்டியரிங் நடுங்கவில்லை. வீல் நட்டுகளை மறுபடி ஒரு முறை டார்க் பார்த்தாயிற்று. அடுத்த டயர் மாற்றத்தின்போது அதே டயல் கேஜை வைத்து இரண்டு பக்கமும் அளந்து எழுதுகிறேன்.