சொல்லை எங்கே வெட்டுவது?

ஆங்கிலச் சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்த காலத்தில், கிரேக்க, லத்தீன் வேர்களைக் கற்றுவிட்டால் அகராதியே தேவைப்படாது என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் ஒரு தேர்வில் 'பீடியாட்ரிஷியன்' என்பதற்குக் கால் மருத்துவர் என்று தயங்காமல் பொருள் எழுதினேன். பெடல், பெடஸ்ட்ரியன் ஆகியவற்றில் உள்ள 'பெட்' லத்தீனில் பாதத்தைக் குறிக்கும் என்பது சரிதான். ஆனால் அந்த மருத்துவரின் பெயரில் இருப்பதோ குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். பிரிட்டிஷ் எழுத்துமுறை அங்கே இரண்டு உயிரெழுத்துகளைச் சேர்த்து எழுதி வேறுபாட்டைக் காட்டுகிறது. அமெரிக்க முறை அவற்றுள் ஒன்றைக் கைவிட்டதால், நான் படித்த பட்டியலில் இரண்டு வேர்களும் ஒரே உருவத்தில் நின்றன.

வேரை அறிவதைவிட, சொல்லை எங்கே பிரிப்பது என்பதை அறிவதே கடினம். ஹெலிகாப்டரை எல்லோரும் 'ஹெலி', 'காப்டர்' என்றுதான் பிரிக்கிறோம். 1861இல் பிரெஞ்சு மொழியில் இதன் மூலச்சொல்லை உருவாக்கியவர், திருகுசுருளைக் குறிக்கும் 'ஹெலிகோ'வையும் சிறகைக் குறிக்கும் 'ப்டெரான்' என்பதையும் இணைத்தார். அதே சிறகுதான் டெரோடாக்டைல் என்னும் தொல்விலங்கின் பெயரிலும் இருக்கிறது. அங்கே சொல்லின் தொடக்கத்தில் வருவதால் 'ப்' ஒலிக்காமல் எழுத்தில் மட்டும் நிற்கிறது, ஹெலிகாப்டரில் நடுவில் வருவதால் ஒலிக்கிறது. பிழையாகப் பிரித்ததன் பயனாக ஹெலிபேட், ஹெலிபோர்ட் முதலிய சொற்கள் பிறந்துவிட்டன. அவற்றின்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

ஒட்டும் இடத்தில் எழுத்து மாறுவதைப் புரிந்துகொள்ள எனக்குக் கைகொடுத்தது தமிழ் இலக்கணம். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதையும், 'பல' என்பதும் முகமும் சேர்ந்து பன்முகம் ஆவதையும் புணர்ச்சி விதியாகப் படித்த நமக்கு, 'இன்' என்ற லத்தீன் எதிர்மறை முன்னொட்டு இம்பாஸிபிள், இல்லீகல், இர்ரெகுலர் என்று அடுத்து வரும் மெய்க்கேற்பத் திரிவது புதிதாகத் தோன்றக் கூடாது. கிரேக்கத்தில் 'உடன்' என்று பொருள்படும் 'சின்' என்பதும் சிம்பனியில் ஒரு விதமாகவும் சிலபிளில் வேறு விதமாகவும் உருமாறுகிறது. இல்லீகலில் 'எல்' ஏன் இரட்டிக்கிறது, இர்ரெகுலரில் 'ஆர்' ஏன் இரட்டிக்கிறது என்று குருட்டுப்பாடம் செய்தவன் நான். திரிதல் என்று ஒரே சொல்லில் யாராவது விளக்கியிருந்தால் ஒரு நோட்டுப்புத்தகம் மிச்சமாகியிருக்கும். ஒலி இவ்வாறு அடுத்ததன் சாயலை ஏற்பதை ஆங்கிலத்தில் 'அசிமிலேஷன்' என்பர். 'அட்' என்ற முன்னொட்டின் இறுதி மெய் அடுத்துள்ள 'எஸ்' ஆகத் திரிந்ததால், அப்பெயரே அதற்கு எடுத்துக்காட்டாகவும் அமைந்திருக்கிறது.

இரு மொழி வேர்களைக் கலந்து ஆக்கிய சொற்களும் உண்டு. 1900இல் பாரிஸில் நடந்த மின்னியல் மாநாட்டில் கான்ஸ்டன்டின் பெர்ஸ்கி பயன்படுத்திய 'டெலிவிஷன்' பாதி கிரேக்கம், பாதி லத்தீன். நம் தொலைக்காட்சியில் அந்தக் கலப்பு இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த வேர், வெட்டுதலைக் குறிக்கும் கிரேக்க 'டோம்'. தொண்டையில் உள்ள டான்சிலை வெட்டி நீக்கும் அறுவைச் சிகிச்சையான டான்சிலெக்டமியில் 'எக்' என்றால் வெளியே; ஆகவே அச்சொல்லை 'எக்'குக்கு முன்னால்தான் வெட்ட வேண்டும். 'ஆட்டம்' என்னும் அணுவின் பெயரிலும் இதுவே இருக்கிறது. அநீதி, அசைவம் என்பவற்றில் உள்ளது போன்ற எதிர்மறை 'அ' முன்னே சேர்ந்து, வெட்ட முடியாதது என்று பொருள் தருகிறது. நன்னூலார் பகுபதம், பகாப்பதம் என்று பிரித்த கணக்கில் பார்த்தால், பகாதது என்று பொருள்படும் இச்சொல் பகுபதம். முன்னே நிற்கும் 'அ'வை நீக்கினால் எஞ்சும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது 'டோம்'. இன்று தடித்த நூலைக் குறிக்கும் அச்சொல், ஒரு காலத்தில் பாப்பிரஸ் சுருளிலிருந்து வெட்டிய துண்டைக் குறித்தது.