71680 பைட் போச்சு, எனக்கோ கொண்டாட்டம்

நேற்று ராத்திரி வட்டைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டினேன். பழுதான செக்டர்களில் (வட்டில் 512 பைட் கொள்ளும் துண்டுகள்) 71680 பைட் என்று காட்டியது. இதைப் பார்த்து யாராவது துள்ளிக் குதிப்பார்களா? நான் குதித்தேன். எஸ்டி-225 என்ற ஹார்டு டிஸ்க் டிரைவை மூன்றாவது தடவையாக லோ லெவல் ஃபார்மேட் செய்து, அதாவது வட்டில் செக்டர்களையே புதிதாகக் குறித்து, வாங்கிய எண் அது.

டிராக் என்பது வட்டில் ஒரு வளையம், அதற்கு 17 செக்டர். இந்த 20 எம்பி டிரைவுக்கு டாஸ் 3.3 இயங்குதளம் கோப்புக்கு இடம் பிரிக்கும் அலகான கிளஸ்டர் 4 செக்டர், அதாவது 2 கேபி. 17 செக்டர் எங்கே தொடங்கினாலும் 5 கிளஸ்டரைத் தொட்டுவிடும். தொட்ட கிளஸ்டர் முழுக்கப் பழுதுதான், ஆக ஒரு டிராக்குக்கு 10240 பைட் போச்சு. பழுது என்று நான் ஒதுக்கிவைக்கச் சொன்னது 7 டிராக். கணக்கு அப்படியே உட்கார்ந்துவிட்டது!

முதல் தடவை டிரைவின் மேல் ஒட்டியிருக்கும் பழுதுப் பட்டியலை மதிக்கவே இல்லை. ஃபார்மேட் கட்டளையே கண்டுபிடித்துக்கொள்ளும் என்ற மிதப்பு. அது 20480 மட்டும் காட்டியது, இரண்டே டிராக். லேபிளிலோ 6 வரி. மீதி நாலும் தேறிவிட்டன என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து அங்கே போய் விழுந்த கோப்புகளைத் திறந்தால் 'அபார்ட், ரீட்ரை, ஃபெயில்'. நலிந்த இடம் ஒரு தடவை படித்துப் பார்க்கும்போது சமாளித்துவிடும், பிறகுதான் காலை வாரும்.

இரண்டாம் தடவை டிபக் என்ற டாஸ் கருவியில் ஜி=சி800:5 அடித்து, கன்ட்ரோலரில் (டிரைவை இயக்கும் அட்டை) இருக்கும் லோ லெவல் ஃபார்மேட் நிரலைக் கிளப்பி, லேபிளில் உள்ள சிலிண்டர், ஹெட் (படிக்கும் முனை) எண்களை, அதாவது டிராக்கின் முகவரியை, ஒழுங்காகக் கொடுத்தேன். ஒரு வரியில் மை அழிந்து 317ஆ 377ஆ என்று தெரியவில்லை. இரண்டையும் கொடுத்துவிட்டேன், 10 கேபி போனால் போகட்டும். லேபிளின் மூன்றாவது பத்தியில் இருக்கும் பைட் எண்ணை இந்தக் கன்ட்ரோலர் கேட்பதே இல்லை, டிராக்கையே மொத்தமாகத் தூக்கிவிடும்.

அப்படியும் சொதப்பல், முழுக்க என் தப்பு. மேஜையில் படுக்க வைத்து, ஆன் செய்த கையோடு ஃபார்மேட் போட்டேன். பிறகு கேஸில் பக்கவாட்டாக நிறுத்தித் திருகினேன். சூடு ஏறியதும் கண்ட இடத்தில் எல்லாம் 'செக்டர் நாட் ஃபவுண்ட்'. ஸ்டெப்பர் மோட்டார் டிரைவுக்கு டிராக் எங்கே இருக்கிறது என்று தெரியாது, படி எண்ணித்தான் போகும். சூட்டில் உலோகம் விரிந்தாலும், டிரைவைத் திருப்பி வைத்தாலும், ஹெட் மயிரிழை தள்ளி நிற்கும். இந்தத் தடவை கேஸிலேயே மாட்டி, முக்கால் மணி நேரம் சும்மா சுற்றவிட்டு, அப்புறம்தான் கை வைத்தேன்.

கேபிள் கதை தனி. ஹார்டு டிஸ்க் கேபிள் என்று சொல்லி ஒருவர் விற்றது ஃபிளாப்பி கேபிள். 34 பின் என்னவோ சரிதான், ஆனால் கம்பிகளைத் திருப்பிப் போட்ட முறுக்கு 10 முதல் 16 வரையிலான கம்பிகளில் இருந்தது. நமக்கு வேண்டியது 25 முதல் 29. வாங்கும்போது கம்பிகளை எண்ணிவிடுங்கள்.

தகவலை இன்னும் நெருக்கமாக எழுதும் ஆர்எல்எல் கன்ட்ரோலர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. டிராக்குக்கு 26 செக்டர், ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குத் தேறிய டிரைவ் எஸ்டி-238ஆர், இது இல்லை. அதைத் தேடுகிறேன்.

அதற்கு முன்னால் இன்டர்லீவ், அதாவது அடுத்தடுத்த எண்ணுள்ள செக்டர்களை வட்டில் எத்தனை இடம் தள்ளி வைப்பது என்பது. இப்போது 4 வைத்திருக்கிறேன். 3 தாங்குமா என்று பார்க்க வேண்டும். தாங்காவிட்டால் அடுத்த செக்டர் கைநழுவி, ஒவ்வொன்றுக்கும் முழுச் சுற்று காத்திருக்க வேண்டும், சுற்றுக்கு 16.7 மில்லிசெகண்ட். மாற்றினால் மறுபடி லோ லெவல், மறுபடி அந்த ஏழு வரி. பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி கேஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன்.